வடக்குப் பாதியின் புல்

வயலில் அருகம்புல்லைக் கண்டால் வேரோடு தோண்டி வரப்புக்கு வெளியே எறிந்து வளர்ந்தவள் நான். அதே அருகம்புல்லைக் காப்பாற்ற மாதச் சம்பளம் தருகிறார்கள் என்று வீட்டில் சொன்னபோது அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏண்டி, நாங்க அதப் புடுங்கி எறிய ஆளு வச்சுக் கூலி குடுக்குறோம். ஒனக்கு அத வளக்கக் கூலியா?"

அண்ணி என் வயதுக்காரி. பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், பிறகு எங்கள் வீட்டுக்கே மருமகளாக வந்தாள். நெரவியில் எங்கள் நிலத்தை அண்ணனைவிட அவள்தான் அதிகம் பார்க்கிறாள். அவள் சிரித்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. மைதானத்தில் முதல் நாள் சிரித்தவர்கள் வேறு மாதிரி சிரித்தார்கள்.

தலத்தெருவைத் தாண்டி ஊர் முடிகிற இடத்தில் இருக்கிறது அந்தக் கால்பந்து மைதானம். ஒரு விளையாட்டுச் சங்கத்துக்குச் சொந்தமானது. சங்கத்தின் செயலாளர் வளைகுடாவில் பல வருடம் வியாபாரம் செய்துவிட்டு ஊர் திரும்பியவர். நாங்கள் எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். "பாலைவனத்துலயே பச்சப் பசேல்னு புல்லு வச்சிருக்கான். காவேரி பாயுற ஊருல நமக்கு என்ன கேடு?" என்று கேட்டுக் கேட்டே, புழுதி பறந்த இடத்தில் வீரிய ரக அருகம்புல்லைக் கட்டம் கட்டமாகக் கொண்டுவந்து பதிக்க வைத்தவர் அவர்.

புல்லைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு நானே போய் நின்றேன். நுண்ணுயிரியல் படித்தவள். பயிர் நோய்க்கு எதிராகப் பயன்படும் பாக்டீரியாக்களை வளர்த்துப் பாக்கெட்டில் அடைக்கும் ஒரு சிறிய கூடத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள். அந்தக் கூடத்தை மூடிவிட்டார்கள். நாற்பத்து மூன்று வயதில் எனக்கு யாரும் வேறு வேலையைத் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை.

சங்கத்தின் கமிட்டியில் ஒருவர் கேட்டார்: "மிஷின் வச்சுப் புல்லு வெட்டணுமே, தெரியுமா?"

"வெட்டுவேன். மிஷின் நின்னுபோனா பிரிச்சும் பாப்பேன்."

"வெயில்ல நிக்கணும்மா."

"நடவு நட்டவ சார் நான்."

பக்கத்திலிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பாய் மட்டும் சிரிக்காமல், "நாளைக்கே வந்துரும்மா" என்றார்.

காலையில் ஆண்கள் அணி, மாலையில் பெண்கள் அணி. பெண்கள் பெரும்பாலும் கடற்கரைக் குப்பங்களிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் வருகிறவர்கள். அம்பகரத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் இரண்டு பேரும் உண்டு. போட்டி நாளில்தான் பூட்ஸ். மற்ற நாள் வெறுங்கால். பயிற்சி முடிந்ததும் புல்லில் மல்லாந்து படுத்துவிடுவார்கள், முகம் தரையில் பட உருளுவார்கள். அவர்களின் பயிற்சியாளர் முப்பது வயதைத் தாண்டாத பெண். குரல் மட்டும் தெருக்கோடி வரை கேட்கும். என்னை அக்கா என்று கூப்பிடுவாள். நான் வேலைக்கு வந்த பிறகு கோல் போஸ்ட் பக்கம் முழங்கால் சிராய்ப்பது குறைந்திருக்கிறது என்று முதலில் சொன்னவள் அவள்தான். மைதானத்தில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது.

முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் வருடம் ஐப்பசியில் வந்தது வினை.

பத்து நாளாக விட்டு விட்டுத் தூறல். பகலில் வெயில் எட்டிப் பார்க்கும், ராத்திரி வேர்த்து ஊற்றும். ஒரு விடியற்காலை ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே போனபோது, நடு மைதானத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பழுப்பு வட்டம். சற்றுத் தள்ளி இன்னொன்று. எண்ணிக்கொண்டே நடந்தேன், தெற்கு கோல் போஸ்டை அடைவதற்குள் எண்ணுவதை விட்டுவிட்டேன். உட்கார்ந்து பார்த்தால், வட்டத்தின் ஓரத்தில் பனியோடு சேர்ந்து சிலந்தி வலைபோல மெல்லிய வெள்ளை நூல் படர்ந்திருந்தது. வெயில் ஏறியதும் அந்த நூல் காணாமல் போய்விட்டது. ஒரு புல்தாளைப் பிடித்து இழுத்தேன். எதிர்ப்பே இல்லாமல் கழன்று வந்தது.

ஒரு பிடி புல்லை ஈரக் காகிதத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனேன். மறுநாள் பைக்குள் பஞ்சு பூத்ததுபோலப் பூசணம் வளர்ந்திருந்தது. அண்ணி பையை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"நம்ம நெல்லுல தூருல பாம்புச் சட்டை மாதிரி புள்ளி விழுந்து மேல ஏறுமே, அந்தச் சனியன் மாதிரியில்ல இருக்கு?"

எனக்கும் அதுதான் தோன்றியது. நெல்லில் இலையுறையைக் கருக்கும் அதே பூசணம் புல்லையும் தின்னும். வயலுக்கும் மைதானத்துக்கும் நடுவில் அதற்கு வேலி இல்லை. நெல்லில் அதற்கு எதிராகச் சூடோமோனாஸ் என்கிற பாக்டீரியாவை நாங்கள் விதையில் கலக்கிறோம், நாற்றை நனைக்கிறோம், இலையில் தெளிக்கிறோம். நான் ஒன்பது வருடம் பாக்கெட்டில் அடைத்ததும் அதைத்தான். நெல்லுக்குச் செய்வதைப் புல்லுக்குச் செய்தால் என்ன?

ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் கமிட்டி ஒரு மருந்துக் கம்பெனிக்காரரை வரவழைத்துவிட்டது. சட்டையை இன் செய்து, பூட்ஸ் போட்டு, மைதானத்தின் ஓரத்திலேயே நின்று பார்த்துவிட்டு, "ரெண்டு ரவுண்டு அடிச்சாப் போதும் சார், பத்தே நாள்ல பச்சையாயிரும்" என்றார். தை மாதம் போட்டி நடத்த ஊர் ஊராக அழைப்பு போயிருந்தது. கமிட்டிக்குப் பத்து நாள் என்ற சொல் தேனாக இனித்தது.

நான் அவர் கையிலிருந்த டப்பாவை வாங்கினேன். அதன் முதுகில் எறும்பு ஊர்வதுபோலச் சின்ன எழுத்து. கமிட்டி முன்னால் உரக்கப் படித்தேன். தெளித்த இடத்தில் ஆள் நடமாடக் கூடாது. தோலில் படக் கூடாது. நீர்நிலையில் கலக்கக் கூடாது.

"சார், இந்த மைதானத்துத் தண்ணி வடியுறது பக்கத்துக் குளத்துல. சாயங்காலம் இதுல பொண்ணுங்க வெறுங்காலோட ஓடுது, மொகத்த வச்சுப் படுக்குது."

"அதெல்லாம் காஞ்சிட்டா ஒண்ணும் பண்ணாது மேடம். எல்லா டப்பாவுலயும் அப்படித்தான் போடுவாங்க."

"எல்லா டப்பாவுலயும் போட்டா பொய்யாயிருமா?"

அவர் என்னை விட்டுவிட்டுக் கமிட்டியைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். நான் அங்கே இல்லாததுபோல. எனக்கு மருந்தின்மேல் விரோதம் கிடையாது. கதிர் வரும் நேரத்தில் வயல் கையை விட்டுப் போகும்போது எங்கள் வீட்டிலும் அடித்திருக்கிறோம். ஆனால் மனிதர்கள் படுத்து உருளும் தரையில், வேறு வழி இருக்கும்போது, யோசிக்காமல் அடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என்னைப் பார்க்காமல் பேசியதையும்தான்.

"ஒங்ககிட்ட வேற வழி இருக்குன்னா காட்டும்மா," என்றார் பாய். "வாயால சொன்னா இவங்க கேக்க மாட்டாங்க."

சரி, கண்ணால் காட்டுகிறேன் என்று வந்துவிட்டேன்.

ஆய்வுக்கூடம் இல்லை. அடுப்பங்கரை இருந்தது. உருளைக்கிழங்கை வேகவைத்து வடித்த நீர், சர்க்கரை, கடையில் வாங்கிய கடல்பாசி. மூன்றையும் சேர்த்துக் காய்ச்சிக் குக்கரில் விசில் மேல் விசில் விட்டுக் கிருமி நீக்கினேன். அண்ணி குக்கரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "சோறு ஆக்குற குக்கருல பூசணத்துக்குச் சமைக்கிறா பாரு!" சுத்தம் செய்த கண்ணாடித் தட்டுகளில் ஊற்றி ஆற வைத்ததும் கட்டியாக உறைந்தது. ஒரு தட்டில் பூசணத்தை மட்டும் வைத்தேன். இன்னொரு தட்டில் ஒரு பக்கம் பூசணம், எதிர்ப்பக்கம் சூடோமோனாஸ் ஒரு கோடு. மூன்றாவதில் பேசில்லஸ் என்கிற இன்னொரு பாக்டீரியா. மூடிப் பரணில் வைத்துவிட்டுக் கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல அடிக்கடி ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன்.

நான்காம் நாள் தட்டுகளைத் துணியில் பொதிந்து பாயின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். முதல் தட்டு முழுக்கப் பழுப்பாகப் பூசணம் மூடியிருந்தது. மற்ற இரண்டிலும் பாக்டீரியாக் கோட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் பூசணம் நின்றுவிட்டது. நடுவில் துடைத்துவிட்டதுபோல வெற்றிடம்.

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "ஏம்மா, இது நோன்புக்கு எங்க வீட்டுல காய்ச்சுற கடல்பாசியில்ல?"

"அதேதான் பாய். பால் ஊத்தல. உருளைக்கிழங்குத் தண்ணி."

"இந்த வெறும் எடத்துல என்ன இருக்கு?"

"பாக்டீரியா வுடுற சாறு. பூசணத்தால அதத் தாண்ட முடியல. மண்ணுலயும் அது வேரச் சுத்தி எடத்தப் புடிச்சுக்கும். பூசணத்துக்கு வேணுங்கற இரும்புச் சத்த முந்திக்கிட்டு எடுத்துக்கும். குந்த எடமும் இல்லாம, திங்கவும் இல்லாம அது ஒடுங்கிரும்."

"அப்போ இதத் தெளிச்சாப் பத்து நாள்ல பச்சையாயிருமா?"

ஆகும் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் என் பக்கம் முடிந்திருக்கும். சொல்ல மனம் வரவில்லை.

"ஆவாது பாய். தட்டுல நடக்குறது தரையில அப்படியே நடக்கும்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன். செத்த புல்ல இது எழுப்பாது. பரவாம நிறுத்தும், புதுசா வர்றதத் தடுக்கும். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா விட்டுக்கிட்டே இருக்கணும்."

அவர் தட்டுகளைத் திரும்பவும் துணியில் பொதிந்து என்னிடம் நீட்டினார். "பாதி மைதானம் ஒனக்கு. பாதி அவங்களுக்கு. பாத்துருவோம், இன்ஷா அல்லாஹ்."

வடக்குப் பாதி எனக்கு. மையக் கோட்டில் சுண்ணாம்பை அழுத்தமாகப் போட்டேன். தெற்கில் கம்பெனி ஆட்கள் மருந்து அடித்தார்கள், கூடவே பச்சை காட்டுவதற்கு யூரியாவும் தூவினார்கள். வடக்கில் நான் இரண்டு பாக்டீரியாவையும் தண்ணீரில் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு, மைதானத்துக் குழாயில் பிடித்த தண்ணீரோடு தெளித்தேன். பயிற்சியாளர் கமிட்டியிடம் கேட்காமலே பெண்களைத் தெற்குப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டாள். மாலையெல்லாம் என் பாதியில்தான் ஆட்டம்.

பத்து நாளில் தெற்குப் பாதி பச்சையாகிவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும், கண்ணைப் பறிக்கும் பச்சை.

என் பாதியில் வட்டங்கள் தட்டு அளவிலிருந்து தாம்பாள அளவுக்குப் போயிருந்தன. இரண்டாம் முறை தெளித்தும் நிற்கவில்லை. காலையில் ஆட வருகிறவர்கள் மையக் கோட்டில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். ஒருவர், "டீச்சர், ஒங்க கிருமியெல்லாம் லீவா?" என்று கேட்டார். நான் டீச்சர் இல்லை என்பது அவருக்குத் தெரியும். இயந்திரத்தை ஓட்டிக்கொண்டே போனேன். ஆனால் வீட்டில் பரணில் ஏறி அந்தத் தட்டுகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தட்டில் அத்தனை தெளிவாக நடந்தது தரையில் ஏன் ஒரு துளிகூட நடக்கவில்லை? குறைவாகவாவது தெரிய வேண்டுமே.

விடை என் கையிலேயே இருந்தது. மூன்றாம் முறைக்காகக் குழாயில் வாளியைப் பிடித்துக் கரைத்துவிட்டு முகத்தில் வழிந்த வியர்வையைத் துடைத்தேன். கையில் ஆஸ்பத்திரி வாடை. கரைசலைக் கீழே வைத்துவிட்டு மேல்நிலைத் தொட்டியின் ஏணியில் ஏறினேன். மூடியைத் தூக்கியதும் கண் எரிந்தது. காவலாளி சுத்தத்துக்காக வாராவாரம் பிளீச்சிங் பவுடர் போட்டு வந்திருக்கிறார். அவர்மேல் தப்பில்லை, அது அவருக்குச் சொல்லப்பட்ட வேலை. தப்பு என்னுடையது. பாக்டீரியாவோடு ஒன்பது வருடம் வாழ்ந்தவள், தண்ணீரை முகர்ந்துகூடப் பார்க்காமல், உயிரோடு இருந்த அத்தனையையும் வாளியிலேயே கொன்று, பிணங்களைப் புல்லில் தெளித்திருக்கிறேன்.

ஏணியிலிருந்து இறங்கினேன். யாருக்கும் தெரியாது. தண்ணீரை மாற்றிவிட்டுப் பேசாமல் தொடர்ந்திருக்கலாம். அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. நான் போய், நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

கம்பெனிக்காரரும் வந்திருந்தார். "பிளீச்சிங் பவுடருக்கே செத்துப்போற பொருள வச்சா மேடம் நோயை வெரட்டப் போறீங்க?" அறை முழுக்கச் சிரிப்பு.

"ஆமாங்க. உசுரு உள்ளது எதுவா இருந்தாலும் அதுல சாகும். நீங்க குடிச்சாலும் சாவீங்க."

சிரிப்பு நின்றது. ஆனால் முடிவு மாறவில்லை. போட்டி நெருங்குகிறது, இனி சோதனை வேண்டாம், முழு மைதானத்துக்கும் மருந்து என்றார்கள். நான் மூன்று வாரம் கேட்டேன். மூன்று நாள்கூட இல்லை என்றார்கள். நாளை காலை ஏழு மணிக்குத் தெளிப்பு. புல்லின் மேற்பார்வையாளர் என்ற முறையில் நான் சம்மதிப்பதாக எழுதிய ஒரு தாளை என் முன்னால் நகர்த்தினார்கள்.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றேன். "அடிக்கிறதுன்னா அடிச்சுக்குங்க. என் சம்மதத்தோட அடிச்சதா இருக்கக் கூடாது."

"அப்படின்னா வேலைய யோசிச்சுக்கம்மா," என்றார் ஒருவர்.

"யோசிச்சுட்டுத்தான் சொல்றேன்."

பாய் ஒன்றும் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அது எனக்கு எல்லாவற்றையும்விட வலித்தது. வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பினேன். வாசலில் பயிற்சியாளர் நின்றிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் ஆறுதல் சொல்லவில்லை. "எத்தன மணிக்குன்னு சொன்னீங்க அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை நான் ஆறரைக்குப் போனேன். சாவியை ஒப்படைத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்ற எண்ணம். உள்ளே விசில் சத்தம் கேட்டது. மாலையில் வருகிற பெண்கள் அணி மொத்தமும் வடக்குப் பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. காலை வெயிலில் அவர்களை நான் பார்த்ததே இல்லை. ஏழு மணிக்கு மருந்துத் தொட்டியோடு வண்டி வந்தது. ஆட்கள் குழாயை இறக்கிவிட்டு நின்றார்கள். பெண்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

கம்பெனிக்காரர் கோட்டோரம் வந்தார். "மேடம், கொஞ்சம் கிளியர் பண்ணுங்க. ஸ்பிரே பண்ணணும்."

"பிராக்டிஸ் நடக்குதுல்ல சார்," என்றாள் பயிற்சியாளர். "முடிஞ்சதும் சொல்றேன்."

"எப்ப முடியும்?"

"தையில போட்டி. அதுவரைக்கும் இருக்கும்."

அவர் என்னிடம் வந்தார். "நீங்க சொல்லித்தானே இது?"

"நான் சொல்லல. சொல்லியிருந்தா இன்னும் சீக்கிரமா வரச் சொல்லியிருப்பேன். ஆளு இருக்குறப்போ அடிக்கக் கூடாதுன்னு ஒங்க டப்பாவுலயே போட்டுருக்கு. வேணும்னா மறுபடி படிச்சுக் காட்டவா?"

தெளிக்க வந்த தொழிலாளிகள் பாவம், சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டீ குடித்தார்கள். கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், சத்தம் போட்டார்கள். பெண்கள் ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி களைத்துப்போய் ஒரு பழுப்பு வட்டத்தின் மேலேயே படுத்தாள். எட்டு மணி தாண்டியதும் பாய் வந்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தெற்கிலிருந்து வடக்குவரை மெதுவாக நடந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"நேத்து நான் பேசியிருக்கணும். பேசல. எங்ககிட்ட மூணு வாரம் கேட்டியே, எடுத்துக்க. கமிட்டிய நான் பாத்துக்குறேன்."

வண்டி திரும்பிப் போனது.

இந்த முறை அவசரப்படவில்லை. மைதானத்துத் தண்ணீர் வடியாத ஒரு வாய்க்காலில் தண்ணீர் எடுத்தேன், காவலாளியிடம் சொல்லித் தொட்டியில் பவுடர் போடுவதையும் நிறுத்தினேன். வட்டங்களைச் சுற்றிக் கூரான கம்பியால் தரையில் துளை போட்டேன். அண்ணி ஒரு மூட்டை மக்கிய எருவைச் சலித்துக் கொடுத்தாள். அதில் இரண்டு பாக்டீரியாவையும் கலந்து, ஈரம் போகாமல் நிழலில் சில நாள் மூடி வைத்துப் பெருகவிட்டு, துளைகளுக்குள் இறங்கும்படி தூவித் துடைப்பத்தால் பெருக்கினேன். மாலை தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்திக் காலைக்கு மாற்றினேன். ராத்திரி முழுக்க இலை நனைந்து கிடந்தால் நான் எதைத் தெளித்தாலும் பூசணத்துக்குத்தான் விருந்து. மொட்டைக் கத்தியால் வெட்டினால் புல் கிழிந்து காயமாகும் என்று இயந்திரத்தின் கத்தியைத் தீட்டினேன். யூரியாவைத் தொடவில்லை.

வட்டங்கள் மறையவில்லை. ஆனால் ஓரங்களில் அடையாளத்துக்கு நான் நட்டிருந்த ஈர்க்குச்சிகளைத் தாண்டி அவை ஒரு விரல்கூட நகரவில்லை. விடியற்காலையில் அந்த வெள்ளை வலையைத் தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை. மூன்றாம் வாரத்தில் வட்டத்துக்குள் சுற்றிலுமிருந்து அருகின் கொடி கால் வைத்தது.

அப்போதுதான் கார்த்திகை மழை பிடித்தது. நான்கு நாள் விடாமல் பெய்தது. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்து முன்னாலெல்லாம் முழங்கால் தண்ணீர். மழை விட்டு இரண்டு நாள் புழுக்கம். மூன்றாம் நாள் விடிந்ததும் விடியாததுமாக மைதானத்துக்குப் போனேன்.

தெற்குப் பாதியில், யூரியா தின்று கொழுத்திருந்த அந்தக் கண்ணைப் பறிக்கும் பச்சையில், பழுப்பு வட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திட்டாகக் கிடந்தன. வடக்கில் முழங்காலிட்டு முழங்காலிட்டுத் தேடினேன். மூன்று புதிய வட்டங்கள் கண்டேன், உள்ளங்கை அளவில். இல்லவே இல்லை என்று எழுதினால் இதைப் படிக்கிறவர்கள் என்னைக் கூடுதலாகப் பாராட்டலாம். மூன்று இருந்தன. அவை அப்படியே நின்றுவிட்டன.

பாய் கமிட்டியைக் கூட்டிக்கொண்டு வந்து மையக் கோட்டில் நிறுத்தினார். யாரும் சிரிக்கவில்லை. கம்பெனிக்காரர் இந்தப் பூசணம் பழைய மருந்துக்குப் பழகிவிட்டது, புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்று தொடங்கினார். "அதுக்கும் பழகிட்டா?" என்று கேட்டார் பாய். கம்பெனிக்காரர் சொன்ன பதிலை நான் கேட்கவில்லை. அதற்குள் நான் தெற்குப் பாதியில் துளை போடக் கம்பியை எடுக்கப் போய்விட்டேன்.

தைப் போட்டி நடந்தது. தெற்குப் பக்கம் புல் பாதிதான் தேறியிருந்தது, வெளியூர் அணியினர் குறை சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டேன். எங்கள் பெண்கள் அரையிறுதியில் தோற்றார்கள். அழுதார்கள். அழுதது புல்லில் முகத்தை வைத்துத்தான்.

போட்டி முடிந்ததும் மைதானம் முழுவதையும் என்னிடமே விட்டார்கள். வேலையை யோசித்துக்கொள்ளச் சொன்னவர்தான் வந்து கேட்டார். உடனே சரி என்று சொல்லவில்லை. என் நிபந்தனைகளைச் சொன்னேன். காலையில் மட்டும் தண்ணீர். தொட்டியில் எதைப் போட்டாலும் முதலில் எனக்குத் தெரிய வேண்டும். மழைக்கு முன்பே தெளிப்பு தொடங்கும், புல் எத்தனை பச்சையாக இருந்தாலும். ஒரு இடத்தில் நோய் மீறிப் போனால் அங்கே மட்டும் மருந்து அடிக்க நானே சொல்வேன், அதற்கான தேதியையும் நானே குறிப்பேன். மழை மாதங்களில் திங்கட்கிழமை முழு நாளும் யாரும் மைதானத்தில் கால் வைக்கக் கூடாது.

கடைசி நிபந்தனைக்குத்தான் இன்றுவரை சண்டை. போன திங்கட்கிழமைகூட ஒரு கூட்டம் பைக்கில் வந்து கேட்டில் நின்று ஹாரன் அடித்தது. சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறோம், திறந்துவிடுங்கள் என்றார்கள். அதில் ஒருவர் போன் எடுத்துப் பாயைக் கூப்பிட்டார். பாய் என்ன சொன்னாரோ, போனைப் பையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதென்னங்க அநியாயமா இருக்கு. புல்லுக்கு லீவா?"

"ஆமா, லீவுதான்," என்றேன். "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வாங்க."

இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். நான் கேட்டுக்கு உள்ளே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து இயந்திரத்தின் கத்தியைத் தீட்டத் தொடங்கினேன்.